கப்பலில் எந்த அறை குறைவாக ஆடும்?

உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் எழுதியிருக்கிறார். கனடாவில் இருக்கும் மகன், அம்மாவையும் அப்பாவையும் ஒரு வாரம் சொகுசுக் கப்பலில் கூட்டிப்போகப் போகிறாராம். "சூட் அறைதான் எடுக்கப் போறன், எது வேணுமெண்டு பாத்துச் சொல்லுங்கோ அம்மா" என்று கப்பலின் தள வரைபடத்தை வட்சப்பில் அனுப்பியிருக்கிறார். ஆக உச்சித் தளத்தில், முன்மூக்கில் இருக்கும் சூட்டுக்குத்தான் விலை அதிகம். விலை கூடியதுதானே நல்லதாக இருக்கும் என்று ரீச்சர் கேட்கிறார். கடிதத்தின் கடைசியில் இன்னொரு வரி: "எனக்கு மூதூர் லோஞ்சிலேயே சத்தி வரும்."

அந்த வரியைப் படித்ததும் எனக்கு மாமாவின் ஞாபகம் வந்தது. பத்து வயதில் அவரோடு திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லோஞ்சில், அதாவது இயந்திரப் படகில், போனேன். கொட்டியாரக் குடாவின் தண்ணீர் முகத்தில் அடிக்க வேண்டும் என்ற ஆசையில் லோஞ்சின் அணியத்தில், அதாவது முன்மூக்கில், போய்க் குந்தினேன். வாடைக் காலம். பாதி வழியில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. மாமா என்னைத் தூக்கிவந்து நடுவில், இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருத்தினார். "அணியத்தில இராத, நடுவில இரு" என்றார். கடலுக்குப் போகிற எவரும் சொல்லும் வார்த்தை அது. ரீச்சருக்கான பதிலும் அதுதான். ஆனால் அது ஏன் சரி என்பதில்தான் அழகு இருக்கிறது.

கடலில் கப்பல் ஆறு விதமாக அசையும். நமக்கு வேண்டியவை மூன்று. மூக்கு உயர்ந்து வால் தாழும் முன்-பின் ஆட்டம் ஒன்று. இடமும் வலமுமாகச் சாயும் பக்க ஆட்டம் இன்னொன்று. மூன்றாவது, முழுக் கப்பலும் அப்படியே ஏறி இறங்குவது.

முன்-பின் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளச் சிறுவர் பூங்காவின் சீசோவை நினைத்தால் போதும். நுனியில் இருக்கும் பிள்ளை ஆகாயத்துக்கும் மண்ணுக்கும் போய்வரும். நடுவில் நிற்கும் பிள்ளை அசைவதே தெரியாது. இப்போது சீசோவின் நீளத்தை 200 மீற்றர் ஆக்குங்கள். கப்பல் வெறும் ஒன்றரைப் பாகை சாய்கிறது என்று வைப்போம். கண்ணுக்கே தெரியாத சாய்வு, மேசையில் வைத்த தேத்தண்ணிக் கோப்பை கூட நகராது. ஆனால் நடுவிலிருந்து 90 மீற்றர் முன்னால் இருக்கும் அறை, அந்தச் சாய்வில் 2.4 மீற்றர் மேலே போய், அதே அளவு கீழேயும் வரும். உச்சிக்கும் அடிக்கும் இடையே ஏறத்தாழ 4.7 மீற்றர். ஒரு மாடி உயரத்தைவிட அதிகம். ஒரு முழு ஆட்டத்துக்கு 10 செக்கன் எடுத்தால், அந்த உயரத்தை 5 செக்கனில் இறங்கி, அடுத்த 5 செக்கனில் ஏறுகிறீர்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அங்கே ஒரு தராசில் நின்றால் முள் 54க்கும் 66க்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கும். நடுவிலிருந்து 10 மீற்றரில் இருக்கும் அறையில் அதே தராசு 60ஐ விட்டு ஒரு கிலோ கூட விலகாது. கப்பலும் ஒன்று, கடலும் ஒன்று, சாய்வும் ஒன்று. தூரம் மட்டுமே வேறு.

இதற்கு மேலே இன்னொரு நுட்பம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். முழுக் கப்பலும் ஏறி இறங்குவதிலிருந்து எந்த அறைக்கும் தப்பில்லை. ஆனால் அந்த ஏற்ற இறக்கமும் முன்-பின் ஆட்டமும் ஒரே தாளத்தில் நடப்பதில்லை. எதிரே வரும் அலை முதலில் மூக்கைத் தூக்குகிறது, பிறகுதான் நடுவுக்கு வருகிறது. கப்பலோ பெருங்கனம். அலை தள்ளிய உடனே அசையாது, கொஞ்சம் பிந்தித்தான் அசையும். இந்தப் பிந்தலால் மூக்கு உயரும் நேரமும் கப்பல் முழுவதும் எழும் நேரமும் ஓரளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுகின்றன. முன்பக்கத்தில் இரண்டும் கூட்டல் ஆகின்றன. பின்பக்கத்தில் வால் தாழும்போது கப்பல் எழுவதால் ஒன்றை ஒன்று கழிக்கின்றன. அதனால் எதிர் அலையில் ஓடும் கப்பலில் ஆக அமைதியான இடம் சரி நடுவில் இல்லை, நடுவிலிருந்து சற்றுப் பின்னால் இருக்கிறது. மாமாவின் லோஞ்சில் இயந்திரம் இருந்த இடமும் ஏறக்குறைய அதுதான்.

சரி, ஏறி இறங்கினால் ஏன் சத்தி வர வேண்டும்? காதின் உட்புறத்தில் இரண்டு சின்னப் பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் களி போன்ற ஒரு படலம், அதன் மேலே பொடிப்பொடியாகக் கற்கள். அந்தக் கற்கள் கல்சியம் காபனேற்று. நிலாவெளிக் கரையில் பொறுக்கும் சிப்பியும், புறாமலையைச் சுற்றி வளரும் முருகைக்கல்லும் அதே பொருள்தான். தலை அசையும்போது இந்தக் கற்கள் பாரத்தால் பிந்துகின்றன, படலம் இழுபடுகிறது, அடியில் இருக்கும் மயிர்க்கலங்கள் வளைகின்றன, மூளைக்குச் செய்தி போகிறது. கடலில் ஆடும் கப்பலும் தலைக்குள் ஆடும் இந்தத் துகள்களும் ஒரே விதிக்குத்தான் கட்டுப்பட்டிருக்கின்றன. பாரமான பொருள் தள்ளிய உடனே அசையாது. எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

கப்பல் அறைக்குள் காது "ஏறுகிறோம், இறங்குகிறோம்" என்கிறது. கண்ணோ சுவரையும் கட்டிலையும் பார்த்து "ஒன்றுமே அசையவில்லை" என்கிறது. இந்த முரண்பாடுதான் வயிற்றைக் குமட்டுகிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். உட்காதின் இந்த உறுப்பு அறவே வேலை செய்யாதவர்களுக்குக் கடல் நோய் வருவதில்லை. அடிவானத்தைப் பார்க்கச் சொல்வதும் இதனால்தான்: கண்ணும் காதும் அப்போது ஒரே கதையைச் சொல்கின்றன.

எல்லா ஆட்டமும் குமட்டுவதில்லை. நடக்கும்போது தலை செக்கனுக்கு இரண்டு தடவை குலுங்குகிறது, ஒன்றும் ஆவதில்லை. 1970களில் அமெரிக்கக் கடற்படையின் பணத்தில் ஓர் ஆய்வு நடந்தது. தொண்டர்களை மூடிய அறைக்குள் இருத்தி, வெவ்வேறு வேகத்தில் மேலும் கீழும் ஆட்டி, யார் எப்போது சத்தி எடுக்கிறார்கள் என்று எண்ணினார்கள். ஏறத்தாழ 6 செக்கனுக்கு ஒரு தடவை ஏறி இறங்கும் ஆட்டம்தான் ஆகக் கொடியது என்று தெரிந்தது. இதற்கெல்லாமா பணம் செலவழிப்பது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பயணிகள் கப்பல்கள் எவ்வளவு ஆடலாம் என்பதற்கான இன்றைய அளவுகோல்களின் அடியில் அந்தச் சத்திக் கணக்குத்தான் இருக்கிறது. நாலு பக்கமும் கடல் உள்ள நாடு இது. கடலில் படித்து, கடலை அளந்து எழுதும் பிள்ளைகள் நம்மிடம் உருவாக வேண்டும் என்றால், கோணேசபுரியில் இருக்கும் நம் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துக்கு, செயற்கையாக அலை எழுப்பி அளக்கும் ஒரு நல்ல அலைத்தொட்டி வேண்டும். கட்டிடத்துக்குக் கிடைக்கும் காசில் ஒரு பங்கு கருவிக்குக் கிடைத்தால் போதும்.

இப்போது பக்க ஆட்டம். பெரிய பயணிகள் கப்பல் ஒரு தடவை சாய்ந்து நிமிர 15 செக்கனோ அதற்கு மேலோ எடுக்கும். அந்த 6 செக்கன் கணக்கிலிருந்து இது வெகுதூரம், அதனால் காது இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அதோடு, கப்பலின் அடிவயிற்றில் இரண்டு பக்கமும் மீன் செட்டை போலத் துடுப்புகளை நீட்டி இந்த ஆட்டத்தைப் பெருமளவு அடக்கிவிடுகிறார்கள். கப்பல் ஓடும்போது அவை விமானச் சிறகு போலத் தண்ணீரைத் தள்ளும். முன்-பின் ஆட்டத்தை அவற்றால் அடக்க முடியாது. அகலம் 30 மீற்றர், நீளம் 200 மீற்றர் என்றால், நீள வாட்டில் அலை பிடித்துத் திருப்பும் விசைக்கு முன்னால் அந்தச் செட்டைகள் எம்மாத்திரம்! ஆனாலும் உயரத்துக்கு ஒரு விலை உண்டு. 3 பாகை சாய்ந்தால், சுழலும் அச்சிலிருந்து 30 மீற்றர் உயரத்தில் இருக்கும் சூட் ஒன்றரை மீற்றருக்கு மேல் பக்கவாட்டில் போய்வரும். 5 மீற்றர் உயரத்தில் இருக்கும் மலிவான அறை ஒரு சாண் அளவுதான் நகரும்.

கப்பல் பெரிதானால் இதெல்லாம் இல்லையா என்று கேட்கலாம். அது அலையைப் பொறுத்தது. ஆழ்கடலில் அலையின் நீளம் எவ்வளவு என்று தெரிய, இரண்டு முகடுகள் கடந்துபோக எடுக்கும் செக்கன்களைத் தன்னாலேயே பெருக்கி, 1.56ஆல் மறுபடி பெருக்குங்கள். 8 செக்கன் அலை 100 மீற்றர் நீளம்; 12 செக்கன் அலை 225 மீற்றர். 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்கு ஓடத் தொடங்கிய எம்பிரஸ் 1990இல் கட்டப்பட்ட, ஏறத்தாழ 211 மீற்றர் நீளக் கப்பல். 8 செக்கன் அலையில் அது ஒரே நேரத்தில் இரண்டு முகடுகளின் மேல் படுத்துவிடும், மூக்கு அதிகம் எழாது. தெற்குப் பெருங்கடலிலிருந்து உருண்டு வரும் 12 செக்கன் அலையோ அதன் நீளத்துக்கே தைத்த சட்டை மாதிரி. 365 மீற்றர் நீளமான ஐகன் ஒஃப் த சீஸ் அந்த அலையையும் பாலம் போலத் தாண்டிக் கிடக்கும். எங்கள் லோஞ்சுக்குக் குடாவுக்குள் எழும்பும் குட்டி அலையே போதும்.

சில கப்பல்களில் 12ஆம் தளத்துக்கு அடுத்த தளம் 14. பதின்மூன்று ஆகாதாம். நம்மவர்களும் பயணத்துக்கு அட்டமி நவமி பார்க்கிறோம். நல்ல நாள் பார்ப்பதால் மனதுக்கு ஆறுதல் கிடைக்கலாம். காதுக்குள் இருக்கும் கல்லுக்கு நாளும் எண்ணும் தெரியாது. கிழக்குக் கரைக்கு நாள் பார்ப்பதென்றால் காற்றைப் பாருங்கள். மார்கழி, தையில் வாடை அடிக்கும். சித்திரைக்குப் பிறகு கடல் படுத்துவிடும்.

அப்புறம் ரீச்சர், ஆட்டத்தைத் தவிர சத்தமும் இருக்கிறது. அணியத்தில் நங்கூரச் சங்கிலி விடியப்புறம் இறங்கும். ஆகப் பின்னால் சுழலியின் அதிர்வு கட்டில் வரை வரும். நீச்சல் தளத்துக்கு நேர் கீழே இருந்தால் காலையில் கதிரை இழுக்கும் சத்தத்தில்தான் எழும்புவீர்கள். உயிர்காப்புப் படகு தொங்கும் தளத்தில் பல்கனி எடுத்தால் படகின் முதுகுதான் காட்சி.

ஆகவே மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: சூட்டே எடுக்கட்டும், ஆனால் உச்சித் தளமும் மூக்கும் வேண்டாம். நடுவிலோ, நடுவிலிருந்து கொஞ்சம் பின்னாலோ, மேலும் கீழும் படுக்கையறைகளே உள்ள தளத்தில் ஒன்று பார்க்கட்டும். அப்படிச் சூட் இல்லாவிட்டால், நடுவில் கீழ்த் தளத்தில் பல்கனியோடு ஒரு சாதாரண அறை போதும். கப்பல் திருகோணமலைக்கு வருவதென்றால் வலப்பக்கம் கேளுங்கள். வடக்கிலிருந்து வந்தாலும் தெற்கிலிருந்து வந்தாலும் குடாவுக்குள் நுழையும்போது கோணேசர் மலை வலப்பக்கம்தான் வரும்.

போகும்போது பைஃபொக்ஸ் என்ற இலவசச் செயலியைப் போனில் இறக்கிக்கொண்டு போங்கள். ஜேர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் செய்தது; போனுக்குள் இருந்து அசைவை உணரும் முடுக்கமானி அளப்பதைக் கோடாக வரைந்து காட்டும். உங்கள் அறை மேசையில் 10 நிமிடம், பிறகு ஆக முன்னால் இருக்கும் மண்டபத்தில் 10 நிமிடம் போனைப் படுக்கவைத்து, இரண்டு கோட்டையும் எனக்கு அனுப்புங்கள்.