மேல்தளத்தில் ரம்பம் வைக்கும் முன்

சென்ற மாதம் என் பட்டறை மேசைக்கு ஒரு மார்பிள்ஹெட் வகை மாதிரிப் பாய்மரப் படகு வந்து சேர்ந்தது. 50 அங்குல நீளம், 800 சதுர அங்குலப் பாய். 1930இல் அமெரிக்காவின் மார்பிள்ஹெட் ஊரில் வகுத்த அளவு இது. கொண்டுவந்தவரின் தாத்தா இங்கிலாந்துக் குளங்களில் ஓட்டிய படகு. அதன் மேல்தளத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுர ஓட்டை. ரேடியோ கண்ட்ரோல் பொருத்துவதற்காக யாரோ ஜிக்சா ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். தளத்தோடு அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் போய்விட்டதால் பக்கப் பலகைகள் விரிந்து இணைப்புகள் வாய் திறந்திருந்தன. இதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆயிற்று. அறுக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

இந்தப் படகுகளைக் கரையிலிருந்து ஆட்டிப்படைக்க யாரும் செய்யவில்லை. காற்றே சுக்கானைப் பிடித்தது. பிரெய்ன் கியர் என்ற அமைப்பில், பெரிய பாயின் கயிறு சுக்கான் தண்டின் மேலுள்ள வளைசட்டத்தில் கட்டப்பட்டிருக்கும். காற்று வலுத்துப் பாய் இழுத்தால் சுக்கான் தானே திரும்பும். தணிந்தால் ஒரு ரப்பர் நாண் அதை நடுவுக்குக் கொண்டுவரும். மின்சாரம் இல்லாத தானியங்கி! ரேடியோவுக்கு மாற்றுபவர்கள் முதலில் கழற்றி வீசுவது இதைத்தான். எனக்கு வயிறு எரிகிறது. கழற்றத்தான் வேண்டும் என்றால் அதே தண்டில் சுக்கானைத் திருப்பும் புதிய கையைப் பொருத்திவிட்டு, பழையதை எழுதி ஒட்டிய டப்பாவில் படகோடு வையுங்கள்.

பெரும்பாலான பழைய படகுகளில் கையை உள்ளே விட மூடியோடு ஒரு திறப்பு ஏற்கெனவே இருக்கும். பாய்க் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச், சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோ, ரேடியோ அலையை வாங்கும் ரிசீவர் மூன்றையும் மெல்லிய பலகைத் தட்டில் பூட்டி அதன் வழியாக இறக்கலாம். தட்டு நுழையாவிட்டால் தட்டைச் சுருக்குங்கள், ஓட்டையைப் பெருக்காதீர்கள். பொம்மைக் காரின் சர்வோ இந்தப் பாயின் இழுவைக்குத் தாங்காது. உருளை வைத்த வின்ச்தான் வேண்டும். ரிசீவரின் ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேல் நிற்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும்.

எதையும் ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை. குளியல் தொட்டியில் படகை மிதக்கவிட்டு, கருவிகளின் எடைக்குச் சர்க்கரைப் பொட்டலங்களை உள்ளே வைத்துப் பாருங்கள். நீர்க்கோடு முன்னாலோ பின்னாலோ சாய்ந்தால் பொட்டலத்தை நகர்த்துங்கள். அது நிற்கும் இடமே பேட்டரியின் இடம். நேரத்தைச் சொல்ல வேண்டுமானால், ஒரு மாலை போதும்.

இனி, யாரும் கேட்காத ஆனால் நான் எல்லோரிடமும் சொல்லும் விஷயம். 1960களுக்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே கை வையுங்கள். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது, தீயால் உரிக்கவும் கூடாது. நீர் தொட்டுத் தேய்த்து, தூசி வடிகட்டும் முகக்கவசம் அணிந்து, துடைத்த துணியைக் கட்டி எறியுங்கள். அடிக்கட்டையின் ஈயக் குண்டில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியும் அதே நஞ்சுதான். சமையல் மேசையில் இந்த வேலை வேண்டாம், குழந்தை தவழும் வீட்டில் நிச்சயம் வேண்டாம்.

அந்த மார்பிள்ஹெட்டுக்குப் புதிய குறுக்குச் சட்டம் வைத்து ஓட்டையை மூடிவிட்டேன். உரிமையாளர் இன்னும் ரேடியோ வேண்டும் என்கிறார். தட்டு தயாராகிறது.