உரைகல்லில் தேய்ந்த தூரதேசம்

மொரிஷியஸில் பிள்ளை பெற்ற தமிழ் வீடுகள் சிலவற்றில் இன்றும் ஒரு தகர டப்பா உண்டு. உள்ளே வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, ஒரு பெருங்காயக் கட்டி. பழைய வீடாக இருந்தால் இவற்றோடு தந்தம் போல வெளுத்த, கல்லாக இறுகிய ஒரு சில்லும் கிடக்கும். கேட்டால், "கடல் தேங்காய், விஷத்துக்கு" என்பார்கள். இவற்றைத் தாய்ப்பாலோ வெந்நீரோ விட்டுக் கல்லில் உரசி, விரல் நுனியால் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைப்பதுதான் உரைமருந்து. தனி உரைகல் இல்லாத வீட்டில் ரோஷ் காரியின் ஓரமே உரைகல். (கிரியோலில் அம்மிக்கு ரோஷ் காரி, அதன் மேல் உருளும் கல்லுக்கு பாபா ரோஷ் காரி. பாபா என்றால் பிள்ளை. தமிழில் குழவி என்றாலும் பிள்ளைதான். இரண்டு மொழியிலும் கல்லுக்குப் பிள்ளைப் பெயர்.)

இந்த டப்பாவை வரைபடத்தில் விரித்தால் வேடிக்கையாக இருக்கும். கடுக்காய் நம் மலைக்காட்டுச் சரக்கு. ஜாதிக்காய் இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் பிறந்தது. மாசிக்காய் துருக்கி, சிரியா, பாரசீகம் பக்கம். பெருங்காயம் ஈரானும் ஆப்கானிஸ்தானும். கடல் தேங்காய் செஷெல்ஸ். கடல் தாண்டி வந்த சரக்குக்கு வீரியம் அதிகம் என்பது பழைய நம்பிக்கை. எங்கே விளைகிறது என்று தெரியாவிட்டால் மதிப்பு இன்னும் ஒரு படி ஏறும். அந்த மதிப்பு இன்று டப்பாவில் இருக்கும்வரை பிரச்சினையில்லை. நாலு கிலோப் பிள்ளையின் நாக்குக்குப் போகும்போதுதான் பிரச்சினை.

முதலில் கடல் தேங்காய், ஏனென்றால் அதன் கதை இந்தத் தீவோடு ஒட்டியது. மாலத்தீவுக் கரையிலும் தென்னிந்தியக் கரையிலும் இந்த இரட்டை ஓடுகள் அவ்வப்போது ஒதுங்கின. மரத்தைக் கண்டவர் யாருமில்லை. ஆகவே மரம் கடலுக்கடியில் வளர்கிறது, பழுத்த காய் மேல்நோக்கி 'விழுகிறது' என்றார்கள் மாலுமிகள். மலாய்க் கதையில் அந்த மரம் கடலின் நடுச்சுழியில் நிற்கும், கருடன் அதில் கூடு கட்டும். மாலத்தீவில் ஒதுங்கிய காய் அரசனுடைய சொத்து. ஓட்டில் கிண்ணம் செய்து குடித்தால் நஞ்சு முறியும் என்று நம்பியதால் ஐரோப்பிய அரசர்கள் பொன்னைக் கொட்டினார்கள். புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் ஒரு காய்க்கு 4000 புளோரின் பொற்காசு வரை கொடுக்க முன்வந்ததாகச் சொல்வார்கள். அவருக்காக வெள்ளியில் பொருத்திய கூஜா வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

மாலுமிகள் பார்த்தது பொய்யல்ல, அவர்கள் போட்ட கணக்குத்தான் தவறு. முற்றிய புதுக்காய் தண்ணீரைவிட அடர்த்தியானது. கடலில் விழுந்தால் மூழ்கிவிடும், உப்புநீரில் கெட்டும் போகும். உள்ளே பருப்பு அழுகிக் கூடான பிறகுதான் ஓடு மிதக்கும். ஆக, ஆழத்திலிருந்து மேலே வந்ததுபோல் தோன்றியதில் ஆச்சரியமில்லை. கரைக்கு வந்தவை எல்லாமே செத்த காய்கள் என்பதால் விதைத்துப் பார்த்தாலும் முளைக்காது. மர்மம் இப்படித்தான் நூற்றாண்டுக் கணக்கில் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டது. 1768இல் அன்றைய இல் தெ பிரான்ஸிலிருந்து, அதாவது இன்றைய மொரிஷியஸிலிருந்து, பிரெஞ்சு மாலுமி மரியோன் டுஃப்ரேன் அனுப்பிய பயணக் குழு செஷெல்ஸின் ப்ராலேன் தீவில் இறங்கியபோது மரத்தையே பார்த்துவிட்டது. விரைவிலேயே கப்பல் கப்பலாகக் காய் இந்தியாவுக்குப் போனது, விலை தரைதட்டியது. அரசன் பத்திரப்படுத்திய நஞ்சுமுறி, மூட்டைக் கணக்கில் விற்கும் சரக்கானது. ஆனால் வைத்தியப் பெட்டியை விட்டு அது வெளியேறவில்லை. தாவரவியல் பெயரிலும் பழைய பிழை ஒட்டிக்கொண்டிருக்கிறது: லொடோயிசியா மால்டிவிகா. மாலத்தீவில் அது இயற்கையாக விளைவதே இல்லை.

அந்தச் சில்லில் உண்மையில் என்ன இருக்கிறது? இளங்காயில் நுங்கு போன்ற சதை. ஆறேழு ஆண்டில் முற்றும்போது அது கல்லாகிறது. அந்தக் கல், பெரும்பாலும் மனித வயிறு செரிக்காத நார். உரசிக் கொடுத்தால் நுண்பொடி கலந்த தண்ணீர், அவ்வளவுதான். நஞ்சை ஈர்த்துக் கட்ட வேண்டுமானால் மருத்துவமனையில் தரும் தூண்டிய கரிபோல உள்ளே கோடிக்கணக்கான துளைகள் வேண்டும். வழவழப்பான ஓட்டுக் கிண்ணத்துக்கு அந்த வேலை தெரியாது. இன்னொன்று: மொரிஷியஸ் நிலத்தில் ஆளைக் கொல்லும் நச்சுப்பாம்பு கிடையாது. இங்கே விஷம் என்றால் பூச்சிமருந்து, பிள்ளை விழுங்கிய மாத்திரை, மண்ணெண்ணெய், கடலோரத்தில் லாஃப் என்ற கல்மீனின் முள். பூச்சிமருந்தும் மாத்திரையும் வயிற்றுக்குள் போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத்தண்ணீர் கொடுக்காதீர்கள், மீந்த புட்டியையோ அட்டையையோ கையோடு எடுத்துக்கொண்டு 114 எண்ணில் சாமு என்ற அவசர மருத்துவ சேவையை அழையுங்கள். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போகும். உயிருக்கு ஆபத்து அங்கேதான். லாஃப் குத்தினால், குத்துப்பட்ட காலை, தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேற்படாத நீரில், அரைமணி முதல் ஒன்றரை மணிவரை வைத்திருக்க வேண்டும். வலியில் இருப்பவருக்குச் சூடு சரியாகத் தெரியாது, ஆகவே குத்துப்படாத ஒருவர் கையை விட்டுப் பார்க்க வேண்டும். அந்த மீனின் நஞ்சு புரதம், சூட்டில் சிதையும். அதன்பிறகு மருத்துவமனை.

கடைசியாக, ஊரிலிருந்து வரும் உறவினருக்குப் பரிசாகக் கடல் தேங்காய் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2010 முதல் அது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் இருக்கிறது. எண்ணிட்ட செஷெல்ஸ் அரசு முத்திரையும் ஏற்றுமதிப் பத்திரமும் இல்லாத காய் சுங்கத்தில் பறிபோகும். பொடியாக விற்பது எந்தக் காய் என்று கண்ணால் சொல்ல முடியாது.

ஜாதிக்காய்க்கு வருவோம். டப்பாவிலேயே கவனம் அதிகம் வேண்டியது இதுதான், சமையலில் பழகியதால் யாருக்கும் பயமில்லை. ஒருகாலத்தில் பண்டாத் தீவுகளைத் தவிர வேறெங்கும் இது விளையவில்லை. ஐரோப்பாவில் கொள்ளைநோயை விரட்டும் என்று கழுத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேறிடத்தில் முளைத்துவிடக் கூடாதென்று டச்சுக்காரர்கள் காயைச் சுண்ணாம்பில் முக்கி அனுப்பினார்கள். கடல் தேங்காய் அழுகி வந்தது, இது சுண்ணாம்புபட்டு வந்தது; இரண்டுமே வாங்குபவன் தோட்டத்தில் முளைக்காதவை. அந்தப் பூட்டை உடைத்தவர் இந்தத் தீவின் அன்றைய பிரெஞ்சு நிர்வாகி பியேர் புவாவ்ர். 1770இல் அவர் வரவழைத்த ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகள் இந்தத் தீவில் இறங்கின. பாம்ப்ளமூஸ் தோட்டத்துக்குப் போகிறவர்கள் அவர் பெயரை அங்கே பார்க்கலாம். 1778இல் முதல் ஜாதிக்காய் பழுத்தது. அன்றிலிருந்து ஜாதிக்காய் இந்தத் தீவுக்குத் தூரதேசம் இல்லை.

அதன் எண்ணெயில் இருக்கும் மிரிஸ்டிசின் என்ற பொருள் நரம்பைப் பிடிக்கும். பெரியவர் ஒருவருக்கு 5 கிராம் அளவிலேயே, அதாவது ஏறத்தாழ ஒரு முழுக்காயிலேயே, நச்சுக்குறிகள் தோன்றலாம்: வாய் வறட்சி, முகச்சிவப்பு, நெஞ்சுப் படபடப்பு, குமட்டல், சிறுநீர் தடைபடுதல், குழப்பம். உடனே தெரியாது, மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்துத் தொடங்கி ஒரு நாள் முழுக்க நீடிக்கும். பாயசத்தில் ஒரு சிட்டிகை எட்டுப் பேருக்குப் பிரிந்து போகிறது, அதில் பயமில்லை. 60 கிலோ ஆளுக்கு 5 கிராம் என்றால் 6 கிலோப் பிள்ளைக்கு எடைக்கணக்கில் அரை கிராம், கால் தேக்கரண்டிப் பொடி. பிறந்த பிள்ளையின் ஈரல் முதிராததால் அந்தக் கணக்கும் தாராளமானதுதான். "ஜாதிக்காய் வைத்தால் பிள்ளை நன்றாகத் தூங்கும்" என்பார்கள். தூங்குவது உண்மை. அது சுகத்தின் அடையாளமல்ல, மருந்து ஏறியதன் முதல் அடையாளம்.

"அளவோடுதானே வைக்கிறோம், நாலு உரசுதானே?" உரசுக்கு அளவே கிடையாது. புதுக்காய் எண்ணெய் விட்டு இழையும், பழங்காய் மாவாக உதிரும். கரடான எரிமலைக்கல்லில் ஒரு உரசு, வழவழத்த கல்லில் ஐந்து உரசுக்குச் சமம். ஆயாவின் கை வேறு, மருமகளின் கை வேறு. நேற்று மசாலா அரைத்த ரோஷ் காரியை எவ்வளவு கழுவினாலும் அதன் குழிகளில் பூண்டும் மிளகாயும் கிருமியும் தங்கும். கல்லின் தூளும் சேர்ந்தே பிள்ளை வாய்க்குள் போகிறது.

மாசிக்காயைப் பற்றிச் சொல்ல எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அது காயே அல்ல. ஓக் மரக் கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிடுகிறது. புழுவைச் சுற்றி மரம் கட்டும் கட்டிதான் மாசிக்காய். துளையில்லாத, கருநீலப் பட்டாணிபோல் கனத்தது நல்ல சரக்கு. துளை இருந்தால் குளவி பறந்துவிட்டது, துவர்ப்பும் குறைந்துவிட்டது. பாதிக்கு மேல் டானின். இதோடு இரும்பு உப்பைச் சேர்த்துத்தான் பழைய காலத்தில் கறுப்பு மை காய்ச்சினார்கள். அதே வேலை வயிற்றிலும் நடக்கும்: இரும்புச்சத்துச் சொட்டோ மாத்திரையோ எடுப்பவர் இதைக் கூடவே சாப்பிட்டால் இரும்பு டானினோடு கட்டிக்கொண்டு வெளியே போய்விடும். பெரியவர்கள் ஈறு வீக்கத்துக்குக் கஷாயம் வைத்துக் கொப்பளித்துத் துப்பலாம். பிள்ளைக்கு வேண்டாம்.

வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே ஒரு பெயர். விளக்கெண்ணெய் தடவிச் சுட்டு, கரியை உரசி நாக்கில் வைப்பதும், துண்டுகளைக் கோத்து மணிக்கட்டில் கட்டுவதும் உண்டு. ஆசிய வசம்பில் பீட்டா-அசரோன் என்ற பொருள் அதிகம். எலிகளில் கட்டி உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இல் அதை உணவில் சேர்க்கத் தடைவிதித்தது. அதிகம் உட்கொண்டால் மணிக்கணக்கில் வாந்தி நிற்காது. வளையலாகக் கட்டினாலும் பிள்ளை அதைச் சப்பும், ஒரு மணி கழன்றால் தொண்டையை அடைக்கும்.

பெருங்காயத்தை வெந்நீரில் கரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவதை யாரும் தடுக்கப் போவதில்லை, தோல் சிவந்தால் துடைத்துவிடுங்கள். உள்ளுக்குக் கொடுப்பது வேறு விஷயம். சில வாரமே ஆன பிள்ளைக்குக் கொடுத்ததில் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாய்ந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

இவ்வளவு இருந்தும் உரைமருந்து 'கேட்கிறது' என்று எல்லாரும் சொல்வது ஏன்? பிள்ளையின் காரணமில்லாத அழுகை இரண்டாம் வாரம் தொடங்கி, ஆறாம் வார வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். உச்சத்தில்தான் வீட்டார் பொறுமையிழந்து டப்பாவைத் திறக்கிறார்கள். அதன் பிறகு அழுகை குறைவதைத் தவிர வேறு வழியில்லை. பெயர் ஜாதிக்காய்க்கு.

மாமியார் மனம் நோகாமல் செய்ய ஒரு வழி: டப்பா இருக்கட்டும், கல்லையும் சாங்கியத்தையும் விட வேண்டாம். உரசியதைப் பிள்ளையின் பாதத்தில் ஒரு பொட்டு வைத்து உடனே துடைத்துவிடுங்கள், வாய்க்குள் எதுவும் வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூடத் தேவையில்லை. பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவையுங்கள், மாலை நேரத்து அழுகைக்குத் தூக்கி நடந்து பாருங்கள். மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், ஆறு மணி நேரமாகக் காய்ந்தே கிடக்கும் துணி, எழுப்பினாலும் பால் குடிக்க எழாத தூக்கம் - இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துப் போங்கள். எதை, எத்தனை மணிக்கு, எத்தனை முறை வைத்தோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்வியும் அதுதான்.