பனங்கூடலுக்குப் போன கதையை யார் சொல்வது?

கடந்த வாரம் என்னிடம் கொண்டுவரப்பட்ட ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது காய்ச்சலின் எட்டாம் நாள். டெங்குப் பரிசோதனை இரண்டு முறை செய்யப்பட்டு, இரண்டு முறையும் இல்லை என்றே வந்திருந்தது. அண்ணனுக்கு எப்போதோ கொடுத்து மிஞ்சிய அமொக்சிசிலின் பாணியையும் நான்கு நாள்களாகப் பருக்கியிருந்தார்கள். (கரைத்த பாணியை மாதக்கணக்கில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருப்பதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.) உள்ளாடையின் இறப்பர்ப் பட்டியைச் சற்றே இறக்கிப் பார்த்தபோது, இடுப்பு மடிப்பில், சிகரெட்டால் சுட்டதுபோல, நடுவில் கரிய பொருக்கும் சுற்றிவரச் சிவந்த விளிம்புமாக ஒரு சிறு புண் இருந்தது. தொட்டபோது பிள்ளை முகம் சுளிக்கவில்லை. "அது எறும்பு கடிச்சது டொக்டர்" என்றார் தாய். இரண்டு கிழமைக்கு முன் அப்பப்பாவுடன் ஒழுங்கைக்கு அப்பாலுள்ள பனங்கூடலில் செண்பகக் கூடு பார்க்கப் போன கதையைப் பிள்ளைதான் சொன்னாள். பெரியவர்கள் ஒருவரும் சொல்லவில்லை.

இது உண்ணிக் காய்ச்சல். இந்தப் பங்குனியில் இதே கதையோடு என்னிடம் வந்த மூன்றாவது பிள்ளை இவள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வீட்டாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "உண்ணி ஒண்டும் கடிக்கேல்லை, தலையில இருந்து கால் மட்டும் பாத்தனாங்கள்." அவர்கள் தேடியது நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் இரத்தம் குடித்து உப்பிக் கிடக்கும் உண்ணியை. நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. இந்த நோயைத் தருவது அதன் தூரத்து உறவான ஒரு சிற்றுண்ணியின் ஆறு கால் குஞ்சு; ஒரு மில்லிமீற்றரில் நான்கிலொரு பங்கு அளவுகூட இராத அதை மூக்குக் கண்ணாடி போட்டுத் தேடினாலும் காண முடியாது. அது வளர்ந்த பின் மண்ணிலேயே வாழ்ந்துவிடும், மனிதரைக் கடிக்காது. குஞ்சுப் பருவத்தில் மட்டுமே ஒரு தடவை எலி போன்ற பிராணியின் உடலில் ஏறி உண்ண வேண்டியிருப்பதால் புல்நுனியில் காத்திருக்கிறது; எலிக்குப் பதிலாகப் பிள்ளையின் கால் வந்து உரசினால் அதில் ஏறிவிடுகிறது. கடித்தது பெரும்பாலும் தெரியாது. ஆகவே வீட்டில் நாய் இல்லை, மாடு இல்லை, உண்ணியைக் காணவில்லை என்பவை எனக்குப் பதில்கள் ஆகா. நாயுண்ணிப் பற்றையில் பழம் பிடுங்கித் தின்றதால் வந்ததோ என்று கேட்டவரும் உண்டு. பெயரில் உண்ணி இருப்பதைத் தவிர அந்தச் செடிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை.

யாழ்ப்பாணத்தில் காடு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதற்குக் காடு தேவையில்லை. வெளிநாட்டிலிருப்பவர்களின் பூட்டிய வளவு, வடலிகளுக்கிடையே மாரி மழை குடித்து வளர்ந்து இன்னும் முற்றாகக் காயாத புல், எலி ஓடும் வேலியோரம், இவை போதும்.

அதற்காகப் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைத்துக் கைத்தொலைபேசியைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். வேப்பம்பூ உதிரும் காலத்தில் அப்பப்பாவோடு கூடலுக்குள் நடப்பதை இழக்கும் பிள்ளைக்கு ஈடாகக் கொடுக்க என்னிடம் மருந்தில்லை. நீளக் காற்சட்டை போட்டு, அதன் விளிம்பைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். வெறும் புல்லில் இருத்தாதீர்கள். ஒரு பாயைக் கொண்டு போங்கள். கழற்றிய சட்டையைப் பற்றையில் போடாதீர்கள். வீடு திரும்பியதும் சவர்க்காரம் தேய்த்துக் குளிப்பாட்டி, போட்டுச் சென்ற உடுப்பை அப்படியே தோய்க்கப் போடுங்கள். மறுநாளும் அதையே மாட்டிவிடாதீர்கள். வளவுப் புல்லை வெட்டுங்கள்.

காய்ச்சல் உடனே வராது. கடித்து ஆறு முதல் இருபத்தொரு நாள்களுக்குள் தொடங்கும். அதற்குள் கூடலுக்குப் போனது எல்லோருக்கும் மறந்துவிடும். நாள்காட்டியில் ஒரு புள்ளி குத்தி வையுங்கள். காய்ச்சல் வந்தால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்புறம், காதின் பின்புறம், தலைமுடிக்குள் எல்லாம் பாருங்கள். வெட்கப்படும் வயதுப் பிள்ளையாயின் தாயாரே பார்க்கட்டும். பொருக்கு இருந்தால் மஞ்சளோ சுண்ணாம்போ பூசி அதன் உருவத்தை அழித்துவிடாமல் அப்படியே கொண்டு வாருங்கள். சிலருக்குப் பொருக்கே இராது. அப்போது நீங்கள் சொல்லும் கதைதான் எங்களுக்குத் துப்பு. இந்த நோயிலும் இரத்தச் சிறுதட்டுகள் குறையலாம் என்பதால், இரத்தப் பரிசோதனையின் எண்ணிக்கைத் தாளை மட்டும் நீட்டினால் மருத்துவரின் மனமும் டெங்குப் பக்கமே சாயும்.

அமொக்சிசிலின் இந்த நோயைத் தரும் பக்டீரியாவை ஒன்றும் செய்யாது. உரிய மருந்து டொக்சிசைக்கிளின் அல்லது அசித்ரோமைசின். பிள்ளையின் வயதையும் நிறையையும் பார்த்து நாங்கள் தீர்மானிப்போம், மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு வாங்காதீர்கள். வேளைக்குக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாள்களில் காய்ச்சல் இறங்கிவிடும். பிந்தினால் நுரையீரல், இதயம், சிறுநீரகம், மூளை என்று எதையும் தாக்கும். கடந்த வாரம் வந்த பிள்ளைக்கு மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு கொண்டுவரப்பட்ட முதலாவது பிள்ளை இன்னும் ஆஸ்பத்திரி விடுதியில்தான் இருக்கிறான்.