நாலு பேரேட்டில் ஒரே பெயர்

காரைக்குடியில் சிறு தொழில்காரர்களுக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் நான். ஒரு வருஷம் கணக்கு முடிக்கும் நேரத்தில் ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் வண்ணச் சிமெண்ட் கல்) பட்டறைக்காரர்கள் நாலு பேரின் பேரேடுகள் ஒன்றாக என் மேசைக்கு வந்து சேர்ந்தன. வரவேண்டிய பாக்கியைப் பார்த்தால் நாலிலும் ஒரே பெயர், வெளியூரில் விடுதி கட்டித் தரும் ஒப்பந்தக்காரர் ஒருவர். முதல் ஆளிடம் சரக்கு எடுத்து, பாக்கி ஏறியதும் அவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போயிருக்கிறார், பிறகு மூன்றாமவரிடம். நாலாமவர் இன்னும் லோடு அனுப்பிக்கொண்டிருந்தார்.

வாயைத் திறக்க எனக்கு வழியில்லை. ஒரு கட்சிக்காரரின் கணக்கை இன்னொருவரிடம் சொன்னால், 1949ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டப்படி அது தொழில் ஒழுங்கு மீறல். இத்தனைக்கும் நாலு பேரும் அந்நியர் இல்லை. ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் மொய் எழுதுகிறவர்கள்தான். ஆனால் "யாவாரம் எப்படிண்ணே?" என்று கேட்டால் "ஏதோ ஓடுதுப்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பாக்கி நிற்பதை வெளியே சொன்னால் மதிப்புப் போய்விடும் என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் ஒப்பந்தக்காரர் பிழைத்துக்கொண்டிருந்தார்.

பெயர் எதையும் சொல்லாமல், நாலு பேரிடமும் தனித்தனியாக ஒன்றை மட்டும் சொன்னேன்: "பட்டறைக்காரங்க ஒரு நாள் சேர்ந்து உக்காருங்க. யாருகிட்ட எத்தனை மாசப் பாக்கின்னு பேசுங்க." கேட்டுக்கொண்டார்கள், உட்காரவில்லை. சிமெண்ட் விலையும் ஏறி ஆர்டரும் படுத்த பிறகுதான், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பட்டறையில் கூடினார்கள். டீ ஆறுவதற்குள் அந்தப் பெயர் வெளியே வந்துவிட்டது.

இந்தச் சீமைக்கு இது புதிதா? ரங்கூனில் லேவாதேவி செய்த நகரத்தார்கள் ஒருவருக்கொருவர் போட்டிதான். ஆனாலும் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவுசெய்தார்கள். (கூடிப் பேசினால் எல்லா அடியும் தப்பிவிடும் என்று நான் சொல்லவில்லை. 1930களின் மந்தத்தில் கடனுக்கு ஈடாக நின்ற நிலமே பணத்துக்குப் பதிலாகக் கைக்கு வந்து, கீழ்ப் பர்மா நெல்வயலில் ஏறக்குறைய கால்பங்கு அவர்களிடம் தங்கிப்போனது.) இன்றைக்கு அதே மாதிரி கூடி விலையை முடிவுசெய்தால் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் குறுக்கே வரும். அதனால் விலையைப் பேசாதீர்கள், பாக்கியைப் பேசுங்கள். அதையும் "இத்தனை ரூபாய், இத்தனை மாசம்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் "மோசக்காரன்" என்று எழுதிவிட்டு அவதூறு நோட்டீசோடு என்னிடம் வராதீர்கள்.

கையில் இருக்கும் ஆயுதம் பலருக்குத் தெரிவதில்லை. 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் குறு, சிறு தொழிலுக்குப் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியின் மூன்று மடங்கை, மாதாமாதம் கூட்டு வட்டியாகக் கேட்கலாம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இன்னொரு பிடியும் சேர்ந்தது: கெடு தாண்டி நிறுத்திய தொகையை, கட்டும்வரை வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பெரிய கடிதத்தைவிட இதைச் சொல்லும் ஒரே வாக்கியம் பணத்தை வேகமாகக் கொண்டுவருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில் என்று அரசிடம் பதிந்த சான்று, வேண்டும். இணையத்தில் இலவசம். நாலு பேரில் இரண்டு பேர் பதியவே இல்லை! பாக்கி விழுந்த பிறகு பதிந்து பழைய சரக்குக்கு உரிமை கேட்பது சிக்கல். வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது பெரிய ஆர்டர் வந்தால் பிரித்துக்கொள்கிறார்கள். அதில் நான் எதிர்பார்க்காத தொல்லை நிறம். கண்ணாடி மேல் அச்சை வைத்து ஊற்றும் வண்ணச் சிமெண்டில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கை. இரண்டு பட்டறைக் கல்லை ஒரே முற்றத்தில் பதித்தால் சிவப்பு இரண்டாகத் தெரியும். எனவே ஒரு ஆர்டருக்கு ஒரே இடத்தில் வண்ணத்தைக் கலந்து மற்ற பட்டறைகளுக்குக் கொடுக்கிறார்கள். என் பங்குக்கு நான் வலியுறுத்தியது பில். எல்லாவற்றையும் ஒருவர் பெயரில் போட்டால் அவருடைய விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டி ஜிஎஸ்டி பதிவுக்குள் போய்விடும், மற்றவர்களுக்கோ வங்கியில் கடன் கேட்கக் காட்ட விற்பனையே இருக்காது. அவரவர் கல்லுக்கு அவரவர் பில்.

பலகாரம் போடும் ஆச்சிமாரும் கண்டாங்கி நெய்கிறவர்களும், பழைய வீட்டை விடுதியாக்கியவர்களும் இதே மாதிரி ஆளுக்கு ஆள் கைகாட்டிக்கொள்ளலாம். விருந்தாளியைக் கல் பட்டறைக்கு அனுப்ப விடுதிக்காரருக்கு ஒரு பைசா செலவில்லை.

ஒப்பந்தக்காரர் இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டார். மூன்றாவது ஆள், அந்த 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பாக்கித் தகராறை விசாரிக்கும் உதவி மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறார், நாலாவது ஆள் லோடை நிறுத்திவிட்டார். போன வாரம் மரக்கதவு செய்யும் ஒருவரின் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதிலும் அதே பெயர். வருகிற வியாழக்கிழமை அந்தக் கல் பட்டறைப் பக்கம் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று கேட்டார். டீ நன்றாக இருக்கும் என்றேன்.