எதுக்கு எது சேரும்? மூலக்கூறு கணக்கும் நம்ம ரசமும்

சமையல்ல எந்தப் பொருளோட எது சேரும்னு தேடுறவங்களுக்கு இப்போ நல்ல டேட்டாபேஸ் எல்லாம் இருக்கு. எனக்குப் பிடிச்சது ஃப்ளேவர்டிபி, டெல்லி ட்ரிபிள்ஐடில கணேஷ் பாக்லர் குழு 2018ல வெளியிட்டது, ருசியும் வாசனையும் தர்ற 25,595 மூலக்கூறு அதுல இருக்கு, பூண்டைத் தேடினா பூண்டுல என்னென்ன மூலக்கூறு இருக்கு, அதுல எதெல்லாம் வேற எந்தப் பொருள்லயும் இருக்குன்னு காட்டிடும்.

இதுக்குப் பின்னாடி இருக்கற யோசனை சிம்பிள். நாக்குக்குத் தெரியறது இனிப்பு புளிப்பு உப்பு கசப்பு, அப்புறம் காளான், தக்காளில வர்ற உமாமின்னு கொஞ்சம்தான், நாம ருசின்னு சொல்றதுல பெரும்பங்கு மெல்லும்போது தொண்டை வழியா மூக்குக்கு ஏறுற வாசனை, சளி பிடிச்சா சாப்பாடு சப்புன்னு இருக்கறது அதனாலதான். அப்போ ஒரே வாசனை மூலக்கூறு இருக்கற ரெண்டு பொருள் ஒண்ணா சேரணும்ல? இங்கிலாந்து செஃப் ஹெஸ்டன் ப்ளூமென்தால் வெள்ளை சாக்லேட்டையும் கேவியர்ங்கற மீன் முட்டையையும் சேர்த்துப் பரிமாறினதுக்கு அப்புறம் இந்த எண்ணம் பரவலாச்சு.

2011ல வலைப்பின்னல் ஆராய்ச்சியாளர் பராபாசியோட குழு 56,498 ரெசிபிய எடுத்து இதைச் சோதிச்சாங்க. அமெரிக்க, மேற்கு ஐரோப்பிய சமையல்ல ஒத்த மூலக்கூறு இருக்கற பொருள்தான் அதிகம் சேருது, கிழக்கு ஆசியாவுல அப்படியே தலைகீழ். 2015ல, அப்போ ஐஐடி ஜோத்பூர்ல இருந்த அதே பாக்லரோட குழு நம்ம நாட்டு ரெசிபி 2,543 எடுத்துப் பார்த்தப்போ இங்கயும் அதே தலைகீழ்தான், தென்னிந்திய சமையலும் சேர்த்து, அதுக்கு முக்கிய காரணமே மசாலாப் பொருள்கள்னு தெரிஞ்சுது.

ரசத்தையே எடுத்துக்கோங்க. மல்லி விதைல தூக்கலா இருக்கற வாசனை மூலக்கூறு லினலூல், சீரகத்துல கியூமினால்டிஹைட், மிளகோட பைபரின் வாசனையே இல்ல, எரிச்சலை உணர்ற நரம்பைத் தூண்டுற காரம், புளில டார்டாரிக் அமிலம். ஒவ்வொண்ணும் ஒரு திசை, ஒண்ணு சொன்னதை இன்னொண்ணு திருப்பிச் சொல்லல, அதுதான் ரசத்தோட அழகு! அதுல பூண்டும் பெருங்காயமும் மட்டும் கந்தக வாசனைல சொந்தக்காரங்க. கடைசில தாளிச்சுக் கொட்டுறதும் சும்மா இல்ல, இந்த வாசனைப் பொருள்ல பலது தண்ணியில கரையாது, எண்ணெய்லயும் நெய்லயும்தான் நல்லா இறங்கும்.

இன்னொரு விஷயம், ரெண்டு பொருளுக்கும் பொதுவா எத்தனை மூலக்கூறுங்கற எண்ணிக்கை, ஒரு மூலக்கூறு இருக்கா இல்லையாங்கறதை வச்சுத்தான் வருது, எவ்வளவு இருக்கு, அந்த அளவு மூக்குக்கு எட்டுமாங்கறது அந்த எண்ணிக்கைல வராது. காபி மாதிரி நூத்துக்கணக்குல வாசனைப் பொருள் இருக்கறது எதோடயும் ஒத்துப்போற மாதிரி தெரியும்.

அதனால என் கருத்து, இந்த லிஸ்ட்ட ஜோடி சேர்க்கறதுக்குப் பயன்படுத்தறதை விட மாத்துப் பொருள் தேடப் பயன்படுத்தினா ரொம்ப உபயோகம். வெங்காயம் பூண்டு சேர்க்காத வீடுகள்ல பெருங்காயம் அந்த இடத்தை நிரப்புறது இதே கந்தக உறவாலதான். தைம்ங்கற மேல்நாட்டு மூலிகை கேக்குற ரெசிபிக்கு ஓமம் போடலாம், ரெண்டுலயும் தைமால்ங்கற வாசனை மூலக்கூறு இருக்கு. ஆரிகானோ இல்லையா, தொட்டில வளர்ற கற்பூரவல்லிய பொடியா நறுக்கி பீட்சா மேல தூவுங்க, ரெண்டுக்கும் பொதுவானது கார்வக்ரால், ஆனா பச்சை இலை வாசனை தூக்கலா இருக்கும், அதனால ரெண்டு இலைல ஆரம்பிங்க.