அவர் சொன்னதுதான் சரி, அப்புறம் மனைவி ஏன் அழுதார்?

என்னிடம் குடும்ப ஆலோசனைக்கு வந்திருந்த ஒரு கணவன் மனைவி. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். பேச்சினிடையே மனைவி, "எங்க அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை" என்று ஆரம்பித்தார். "புதன்கிழமை" என்றார் கணவர். "இல்லைங்க, செவ்வாய்தான்."

கணவர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். நாலைந்து நிமிடம் படங்களைத் தள்ளித் தள்ளித் தேடினார். இடையில் நான் ஏதோ கேட்டேன், அவர் காதில் விழவில்லை. கடைசியில் அட்மிஷன் சீட்டின் படம் கிடைத்தது. தேதியை விரலால் பெரிதாக்கி, காலண்டரையும் திறந்து சரிபார்த்து, முதலில் மனைவியிடம் நீட்டினார், பிறகு என்னிடம். புதன்கிழமைதான்.

மனைவி அதைப் பார்க்கவே இல்லை. "சரிங்க, நீங்க சொன்னதுதான் சரி" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். கணவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "மேடம், நான் சொன்னது சரிதானே? அப்புறம் எதுக்கு அழறா?"

அப்பா தன்னிடம் கடைசியாகப் பேசிய ராத்திரியைப் பற்றிச் சொல்லத்தான் அந்தப் பெண் வாயெடுத்தார். அன்றைக்கு அது வெளியே வரவே இல்லை.

எப்போதும் தான் சொன்னதுதான் சரி என்று நிற்கிற இப்படிப்பட்டவர்களோடு வாழ்கிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இவருக்கு மனசு ரொம்பக் குறுகலோ?" ஆமாம் என்று சொல்லிவிட்டால் கேட்டவருக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் இத்தனை வருடம் பார்த்ததில், குறுகிய மனமும் இந்தக் குணமும் வேறு வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது. குறுகிய மனம் உள்ளவர் எதிராளி சொல்வதைக் கேட்பதே இல்லை. அதில் கேட்க ஒன்றுமில்லை என்று முன்னாலேயே முடிவு செய்திருப்பார். எப்போதும் தான்தான் சரியாக இருக்க வேண்டும் என்று தவிக்கிறவரோ ஒரு வார்த்தை விடாமல் கேட்பார், எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க. முன்னவருக்கு அலட்சியம். பின்னவருக்குப் பெரும்பாலும் பயம்.

அந்தக் கணவரைத் தனியாக அழைத்துப் பேசினேன். "அன்னைக்கு அது செவ்வாய்க்கிழமையாவே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டேன். சிரித்தார். "ஒண்ணும் ஆகியிருக்காது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் தன் சின்ன வயதைச் சொன்னார். கணக்கு தப்பாகப் போட்டால் அப்பா அடிக்க மாட்டாராம். வீட்டுக்கு யாராவது வரும்வரை காத்திருந்து, அந்த நோட்டை அவர்கள் முன்னால் எடுத்துப் படிப்பாராம். "தப்பு பண்ணினா அந்த வீட்டுல நான் ஆளே இல்லை மேடம்." ஐம்பதை நெருங்குகிற மனிதர், கையைப் பிசைந்துகொண்டு சொன்னார். கிழமை தப்பாகப் போய்விட்டால் தானே தப்பாகிவிட்ட மாதிரி அவருக்கு. அதனால்தான் ஃபோனை அப்படித் தேடினார்.

தவறை ஒப்புக்கொள்வதற்குக் கொடுக்க வேண்டிய விலை ஏற ஏற, எவ்வளவு படித்தவரும் இறுகிப்போவார். 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனை செய்த கையோடு வந்து பிரசவம் பார்த்தார்கள். அந்தப் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் குளோரின் கரைசலில் கைகழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தை ஒட்டி இருந்த இறப்பு, சில மாதங்களிலேயே 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது. கண்ணெதிரே கணக்கு இருந்தும் பலர் ஏற்கவில்லை. அந்தக் காலத்து மருத்துவக் கொள்கையோடு அது பொருந்தவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அவர் சொல்வது சரி என்று ஏற்றால், அத்தனை தாய்மார்களும் தங்கள் கையாலேயே செத்தார்கள் என்று ஏற்க வேண்டும். யாருக்கு அது லேசாக வரும்?

பயம்தான் காரணம் என்பதால் இதை அப்படியே விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. பயத்தில் ஆரம்பிப்பது, பத்துப் பதினைந்து வருடத்தில் மனதை நிஜமாகவே குறுக்கிவிடுகிறது. சுற்றி இருப்பவர்கள் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். மகள் தன் முடிவுகளை அம்மாவிடம் மட்டும் சொல்வாள். அலுவலகத்தில் கீழே வேலை செய்பவர், கணக்கில் தப்பு இருப்பது தெரிந்தும் வாயைத் திறக்க மாட்டார். "நீங்க சொன்னா சரிதான்" என்பது மரியாதையாகத்தான் காதில் விழும். அது கதவைச் சாத்துகிற சத்தம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவரிடம் நாலாவது காலைக் காட்ட ஆள் இருக்கும்வரை பரவாயில்லை.

இதில் நம் யாருக்கும் விலக்கு இல்லை. பீட்டர் வாசன் என்ற உளவியலாளர் 1960-இல் வெளியிட்ட ஒரு சோதனையை நான் அடிக்கடி செய்துகாட்டுவேன். 2, 4, 6 என்று மூன்று எண்கள் கொடுப்பேன். இதற்குள் ஒரு விதி இருக்கிறது, நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லுங்கள், விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று நான் சொல்கிறேன், என்பேன். 8, 10, 12 என்பார்கள். பொருந்தும். 20, 22, 24? பொருந்தும். இரண்டிரண்டாகக் கூடுகிறது, அதுதான் விதி என்று அடித்துச் சொல்வார்கள். விதி அதுவல்ல. ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும் பொருந்தும். 1, 7, 50 என்று ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். வாசனின் சோதனையில் 29 மாணவர்களில் 6 பேர்தான் தவறான விடை எதுவும் சொல்லாமல் சரியான விதியைச் சொன்னார்கள். தான் நினைத்தது தப்பாக இருக்குமோ என்று சோதித்துப் பார்ப்பது மனித மனதுக்குத் தானாக வருவதில்லை. பழக்கித்தான் கொண்டுவர வேண்டும்.

களைப்பும் அவசரமும் பிடிவாதத்தைக் கூட்டும். அதனால் ராத்திரி பதினோரு மணிக்கு எந்த வாக்குவாதத்தையும் தீர்க்க உட்காராதீர்கள் என்று எல்லாத் தம்பதிகளிடமும் சொல்கிறேன்.

இரண்டு இடங்களில் மட்டும் நான் சொன்னது எதுவும் பொருந்தாது. உங்கள் ஞாபகத்தையே நீங்கள் சந்தேகப்படும்படி, நடந்ததை நடக்கவே இல்லை என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சாதித்து, உங்களை அடக்கி வைக்கிறார் என்றால், அது வன்முறை. அங்கே பொறுமை காட்ட வேண்டாம், உதவி தேடுங்கள். அதேபோல், வாழ்நாள் முழுக்க விட்டுக்கொடுத்துப் போனவர் ஐம்பது அறுபது வயதுவாக்கில் காரணமே இல்லாமல் முரண்டுபிடிக்க ஆரம்பித்தால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒரு வகை மறதிநோய், மறதிக்கு முன்னால் இப்படிக் குணமாற்றமாகத் தலைகாட்டுவதுண்டு. நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றபடி, இப்படிப்பட்டவரோடு வாழ்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: அவர் இறங்கிவர ஒரு படி விட்டு வையுங்கள். நாலு பேர் முன்னால் தப்பை எடுத்துக் காட்டினால் அவர் கடைசிவரை இறங்க மாட்டார். தனியாக இருக்கும்போது சொல்லிப் பாருங்கள். என்றைக்காவது "நான்தான் தப்பா நினைச்சுட்டேன்" என்று அவர் வாயிலிருந்து வந்தால், தயவுசெய்து "நான் அப்பவே சொன்னேன்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வரி பல மாத முயற்சியை அழித்ததை நான் பார்த்திருக்கிறேன். "சரி, பரவாயில்லை" என்று அடுத்த வேலையைப் பாருங்கள்.

இந்தக் குணம் உங்களுக்கே இருக்கிறது என்று தோன்றினால், சின்ன விஷயத்தில் ஆரம்பியுங்கள். ஒன்றும் குடிமுழுகிப் போகாத ஒரு பேச்சில், தப்பு என்று தெரிந்தும் எதிராளியைத் திருத்தாமல் விட்டுப் பாருங்கள். நெஞ்சுக்குள் ஒரு அரிப்பு வரும். அது எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கவனியுங்கள். அந்தக் கணவருக்கு நான் கொடுத்த பயிற்சி இதுதான். முதல் வாரம் முடியவே இல்லை என்றார்.

ஐந்தாவது முறை வந்தபோது மனைவி தன் அப்பாவைப் பற்றி மறுபடி பேச ஆரம்பித்தார். "அந்தத் திங்கட்கிழமை ராத்திரி..." என்றார். கணவரின் கை சட்டைப் பைக்குப் போனது. ஃபோனைத் தொட்டபடி அப்படியே நின்றது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மனைவி பேச்சை நிறுத்தி அந்தக் கையைப் பார்த்தார்.

"எடுத்துப் பாருங்க" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "எனக்கே சரியா ஞாபகம் இல்லை."

"அப்புறம் பார்த்துக்கலாம், நீ சொல்லு" என்றார் அவர்.