புகையே வரலை, டாக்டர்!

"புகையே வரலை, டாக்டர்."

அந்தப் பெண் இதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டுச் சொன்னார். நானும் ஒவ்வொரு தடவையும் மாஸ்க்கைத் திரும்ப இழுத்துவிட்டு, "பேசாதீங்கம்மா, அப்புறம் சொல்லலாம்" என்றேன். அதிகாலை நாலரை மணி. பக்கத்துக் கட்டிலில் அவர் கணவர், இன்னும் முழுசாக நினைவு திரும்பாமல் கிடந்தார். கல்யாணமாகிப் பதினோரு நாள்.

நடந்தது இதுதான். மலை மேல் ஒரு ரிசார்ட். ராத்திரி டென்ட்டில் தங்கலாம், வாசலில் கரியடுப்பு வைத்துச் சுட்டுச் சாப்பிடலாம், நட்சத்திரம் பார்க்கலாம் என்று ஏற்பாடு. எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. பதினோரு மணிக்குக் குளிர் ஏறியது. அடுப்பில் கரி சாம்பல் பூத்துக் கிடந்தது. சுவாலை இல்லை, புகை இல்லை, இதமான சூடு மட்டும். 'நெருப்புதான் அடங்கிடுச்சே' என்று அடுப்பைத் தூக்கி டென்ட்டுக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டார்கள். மூன்றரை மணி வாக்கில் அந்தப் பெண்ணுக்குத் தலை பிளக்கிற வலியோடு விழிப்பு வந்திருக்கிறது. எழுந்தால் கால் நிற்கவில்லை. தட்டுத் தடுமாறி ஜிப்பை ஒரு முழம் இறக்கியவர், அந்தத் திறப்பிலேயே தலை வெளியே இருக்க விழுந்துவிட்டார். காவலாளி டார்ச் அடித்துப் பார்த்ததால் இருவரும் எங்களிடம் உயிரோடு வந்து சேர்ந்தார்கள்.

இந்தக் குளிர்காலத்தில் இது எனக்கு நான்காவது ஜோடி. பொறுமையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு தூரம் வரும் என்று பார்க்கலாம்.

நான் மலையடிவாரத்தில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மலையிலிருந்து இறங்குகிற ஆம்புலன்ஸ் முதலில் நிற்பது எங்கள் வாசலில்தான். 'டாக்டருக்கு எதிலும் ஆபத்துதான் கண்ணில் படும்' என்று நினைக்காதீர்கள். நானும் மலைக்குப் போகிறவள்தான், கணவரோடு டென்ட்டில் படுத்து நட்சத்திரம் பார்க்கிறவள்தான். நெருப்பை மட்டும் வெளியே விட்டுவிட்டுப் படுப்பேன்.

சரி, புகை விஷயத்துக்கு வருகிறேன். புகை வேறு, விஷம் வேறு. புகை கண்ணை எரிக்கும், இருமல் வரும், எழுந்து ஓடச் சொல்லும். ஒரு வகையில் அது உங்கள் நண்பன். விஷம் என்பது கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தொண்டையில் கமறாது. விறகை மூட்டம் போட்டு, புகையாகப் போகிறதையெல்லாம் போகவிட்டு, மிச்சமிருப்பதைத்தானே கரி என்கிறோம்? பிறகு அதில் புகை எப்படி வரும்? புகை வராதது கரியின் சுபாவம். அதைப் பாதுகாப்புக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டால் எப்படி? சாம்பல் பூத்த கரி, காற்று போதாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டு, விடிய விடிய அந்த வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். நீறு பூத்த நெருப்பு என்று எதற்கெதற்கோ உவமை சொல்கிறோம். நிஜமாகவே ஒன்று கண்ணெதிரே இருக்கும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறோம்.

இதைச் சொன்னதும் அடுத்த சமாதானம் வரும். "டென்ட் துணிதானே டாக்டர், காற்று வந்துக்கிட்டுதானே இருக்கும்?" மழை ஒழுகாமல் இருக்கப் பூச்சு பூசிய துணி அது. தண்ணீரையே விடாதது எவ்வளவு காற்றை விடும்? "ஜன்னலை ரெண்டு விரல் திறந்து வெச்சிருந்தோம்." போதாது. எவ்வளவு திறந்தால் போதும் என்று கேட்காதீர்கள், அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. அடுப்பு உள்ளே வரக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. "வாயு மேலேதானே போகும், நாங்க தரையில படுத்திருந்தோம்." இந்த வாயுவின் எடை கிட்டத்தட்டக் காற்றின் எடைதான். தரை, கட்டில், கூரை என்று பேதம் பார்க்காமல் எங்கும் கலந்து நிற்கும். "தூங்காம முழிச்சிருந்தா தெரிஞ்சிடும்ல?" தெரியாது. முதலில் கெடுவதே யோசிக்கிற புத்திதான். காலில் பலம் போன பிறகுதான் ஏதோ தப்பு என்று உறைக்கும். அப்போது ஜிப் இருக்கிற பக்கம் எது என்றே பிடிபடாது.

டென்ட் மட்டும் இல்லை. மர வீட்டுக்குள் கொண்டுவரும் கரிச்சட்டி, மழை வந்துவிட்டது என்று வராந்தாவிலிருந்து உள்ளே இழுத்த பார்பிக்யூ, ஜன்னலே இல்லாத குளியலறையில் ஓடும் கேஸ் கீசர், பனியில் நிறுத்திய காரில் ஹீட்டருக்காக ராத்திரி முழுக்க ஓடவிட்ட எஞ்சின் எல்லாம் ஒரே குடும்பம்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதில்தான் எனக்கு அதிகக் கோபம். முந்தைய ஜோடி விஷயத்தில், தலைவலி, வாந்தி என்று சொன்னதும் தங்கியிருந்த இடத்துக்காரர்கள் விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை, அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவியை, மாட்டியிருக்கிறார்கள். 99 காட்டியிருக்கிறது. 'எல்லாம் நார்மல், தூங்குங்க' என்று அதே அறைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கருவி ரத்தத்தின் சிவப்பைப் பார்த்து எண் சொல்கிறது. ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைச் சுமந்தாலும் சிவப்பு, கார்பன் மோனாக்சைடைச் சுமந்தாலும் சிவப்பு. அதுவும் இந்த வாயு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். பாவம், மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. ரத்தத்தை எடுத்து அதற்கென்று உள்ள சோதனையில் பார்த்தால்தான் உண்மை வெளியே வரும். புகைபிடிக்காதவர்களுக்கு, ஹீமோகுளோபினில் இரண்டு, மூன்று சதவீதத்துக்கு மேல் இந்த வாயு ஒட்டியிருக்கக் கூடாது. அந்த முந்தைய ஜோடியில் பையனுக்கு 31. விரலில் 99, ரத்தத்தில் 31. புதிதாக எங்கள் பிரிவுக்கு வரும் இளம் டாக்டர்களுக்கு நான் முதல் வாரமே சொல்லிவிடுவது இது. அவர்களே சில சமயம் சறுக்குகிறார்கள் என்றால் ரிசார்ட் வரவேற்பறையில் இருப்பவரைச் சொல்லி என்ன?

மலையில் தலைவலிக்குச் சாக்கு நிறைய. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, கொண்டை ஊசி வளைவுகளில் வந்த குமட்டல், நேற்றுக் குடித்தது அதிகம். அதனால் இரண்டே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நம் இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்ததா? வெளியே போய் நின்றால் கொஞ்சம் தேவலையாகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் வெளியே வாருங்கள். செருப்பு, போன், ஸ்வெட்டர் எதையும் எடுக்க உள்ளே திரும்பாதீர்கள். பக்கத்தில் இருப்பவரை இழுத்துக்கொண்டு வாருங்கள், கத்துங்கள். பிறகு 'இப்போ பரவாயில்லை' என்று திரும்பப் படுக்கப் போகாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். சாதாரணக் காற்றில் இந்த விஷம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். முழு ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். சிலருக்கு எல்லாம் சரியாகி வீட்டுக்குப் போன பிறகு, சில நாளோ சில வாரமோ கழித்து மறதி, தடுமாற்றம், எரிச்சல் என்று வரும். அதனால்தான் திரும்ப வரச் சொல்கிறோம். பில் போடுவதற்கு இல்லை. தேனிலவுத் தம்பதிகளுக்குத் தனியாக ஒன்று: நாள் தள்ளிப்போயிருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வயிற்றில் இருக்கும் குழந்தையின் ரத்தத்திலிருந்து இது இறங்க அம்மாவைவிட அதிக நேரமாகும். தாய்க்குத் தேவலை என்றதும் நாங்கள் மாஸ்க்கை எடுத்துவிடக் கூடாது.

"அப்போ குளிருக்கு என்னதான் செய்யறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் வரும், தரை உங்கள் சூட்டை உறிஞ்சும். மேலே இரண்டு கம்பளி போட்டுக்கொண்டு கீழே வெறும் விரிப்பில் படுப்பவர்களைப் பார்க்கிறேன். தடிமனான பாயைக் கீழே போடுங்கள். நாள் முழுக்க வியர்த்த சாக்ஸைக் கழற்றிக் காய்ந்ததை மாட்டுங்கள். தொப்பி போடுங்கள். படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் படுக்கைக்குள் வைத்துவிடுங்கள். சில ஸ்லீப்பிங் பேக் இரண்டை ஜிப் போட்டு ஒன்றாக்கிவிடலாம், வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். கட்டிப்பிடித்துத் தூங்குவதைவிட நல்ல ஹீட்டர் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இதை மருத்துவ ஆலோசனையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

மதுவைக் குளிருக்கு மருந்து என்று சொல்பவர்களே, கன்னம் சிவந்து சூடாக இருக்கிறதே, அது உள்ளே இருக்க வேண்டிய சூடு தோல் வழியாக வெளியே ஓடுகிற அறிகுறி. குடித்துவிட்டு வெந்நீர்த் தொட்டியில் இறங்குவதும் வேண்டாம். சுகமாகத் தூக்கம் வரும், தொட்டிக்குள்ளேயே வரும்.

நட்சத்திரம் பார்க்கப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிரியம். அவர்களில் யாரும் எங்கள் வார்டுக்கு அனேகமாக வருவதில்லை. அமாவாசையை ஒட்டிப் போங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், நடுவில் ஒரே ஒரு மெசேஜ் பார்த்தால் திரும்ப ஆரம்பத்திலிருந்து. டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிவிட்டால் கண் கெடாது. டிசம்பர் 13, 14 வாக்கில் ஜெமினிட் எரிகற்கள், ஆகஸ்ட் 12, 13 வாக்கில் பெர்சீட். நிலா தொந்தரவு செய்யாத வருஷமாக இருந்தால், மல்லாந்து படுத்தபடி யார் முதலில் பத்து எண்ணுகிறார்கள் என்று பந்தயம் கட்டலாம். செலவே இல்லாத ராத்திரி.

சூரிய அஸ்தமனம் பார்க்கிறவர்கள் தாராளமாக வருவார்கள். கணுக்கால் பிசகி, மணிக்கட்டு உடைந்து. அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டு இருட்டில் இறங்க வேண்டும் என்பது ஏறும்போது ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை? கையை நீட்டி, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவே விரல்களைப் படுக்கையாக வைத்துப் பாருங்கள். ஒரு விரலுக்குச் சுமார் கால் மணி நேரம். நாலு விரல் என்றால் ஒரு மணி நேரம் இருக்கிறது. மலை குறுக்கே நின்றால் அதற்கு முன்பே மறைந்துவிடும். ஆளுக்கொரு டார்ச் வேண்டும். குளிரில் போன் பேட்டரி சொல்லாமல் அணைந்துவிடும். போட்டோ எடுப்பவர் 'இன்னும் கொஞ்சம் பின்னாடி' என்று சொல்லவே கூடாது. நீங்கள் முன்னால் நகருங்கள் ஐயா.

அருவி: பாசி படிந்த பாறையில் கைகோத்து நிற்பது படத்துக்கு அழகு. ஒருவர் வழுக்கினால் இருவர் வருவீர்கள். தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ மேலே எங்கோ மழை என்று அர்த்தம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். கரையேறுங்கள், துணியை அப்புறம் தேடலாம். இடிச்சத்தம் கேட்டால் மின்னல் எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறீர்கள். மரத்தடி வேண்டாம், காருக்குள் போங்கள்.

ரொம்ப உயரமான இடத்துக்குப் போகிறவர்களுக்கு, அதாவது 2500 மீட்டருக்கு மேல்: உடற்பயிற்சி செய்த உடம்பு உயரத்துக்கு விதிவிலக்கு இல்லை. சொல்லப்போனால் வாட்டசாட்டமான பையன்கள்தான் வேகமாக ஏறி வேகமாகப் படுக்கிறார்கள், அதையும் மனைவியிடம் மறைத்துக்கொண்டு. 3000 மீட்டர் தாண்டிய பிறகு, தூங்குகிற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள். தலைவலி இருக்கும்போது மேலே ஏறாதீர்கள். நேராக நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் கீழே இறங்குங்கள். ஹோட்டலுக்குக் கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.

அந்தத் தம்பதி ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார்கள். பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. கணவருக்கு வேலையில் எண்கள் குழம்புகின்றன, நேற்றுப் பேசியது இன்று நினைவில் இல்லை. நாளாவட்டத்தில் பெரும்பாலும் தேறிவிடும் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் அதையே திரும்பக் கேட்டார். அந்தப் பெண் எதுவும் பேசாமல், அன்று ராத்திரி எடுத்த போட்டோ ஒன்றை போனில் காட்டினார். டென்ட் வாசல், அடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி சிரிக்கிற கணவர், முகத்தில் கரியின் செவ்வொளி. வகுப்பில் காட்டுவதற்கு அதை எனக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டேன், முகத்தை மறைத்துத்தான். அனுப்பினார். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், துளிப் புகை இல்லை.